மாந்தளிர் நிறத்தில் ஒரு சுவர்

எலுமிச்சம்பழம் வெளுத்துப்போகுமா? காயும், சுருங்கும், அடிப்பக்கம் பச்சையாய்ப் பூசணம் பூத்து அழுகும். வெளுக்காது. ஆனால் கலைவாணியின் கையிலிருந்த பழம் வெளுத்திருந்தது. தோல் பளபளவென்றுதான் இருந்தது. காம்பு விழவில்லை. நகத்தால் லேசாகக் கீறினால் குப்பென்று வாசனையும் வந்தது. மஞ்சள் மட்டும் இல்லை. உரித்து வைத்த அவித்த முட்டை மாதிரி இருந்தது. நேற்று அவளே சமையல் மேடையில் வைத்த அதே இடத்திலிருந்துதான் எடுத்திருந்தாள்.

"ஏங்க, இதக் கொஞ்சம் பாருங்களேன்."

கணவன் இளஞ்செழியன் போனிலிருந்து பாதித் தலையைத் தூக்கிப் பார்த்தான். "ஃப்ரிட்ஜுல ரொம்ப நாள் வச்சிருப்ப."

"ஃப்ரிட்ஜே இன்னும் பழைய மூலக்குளம் வீட்டுலதான் கெடக்குது. இங்க எந்த ஃப்ரிட்ஜுல வச்சேன்?"

"அப்பப் பழமே அப்படி. இப்பல்லாம் எதுலதான் மருந்து அடிக்கல?" என்று சொல்லிவிட்டு, தட்டாஞ்சாவடியில் இருந்த தன் லேத் பட்டறைக்குக் கிளம்பிவிட்டான். கலைவாணி பழத்தைக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவினாள். ஏனென்று தெரியாமலே இன்னொரு தடவையும் கழுவினாள்.

வீடு அவர்களுடையதல்ல. மதாம் செலின் என்ற கிழவியம்மாவுடையது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த குடும்பம். வயசான காலத்தில் வீட்டை இவர்களிடம் வாடகைக்கு விட்டுவிட்டு, பாரிசில் இருக்கும் மகனோடு இருக்கப் போய்விட்டார். கடற்கரைக்கு நாலைந்து தெரு தள்ளி, வாசலில் காகிதப்பூக் கொடி படர்ந்த, நூறு வருஷத்துக்கு மேலான வீடு. இளஞ்செழியனுக்கு நெடுநாள் ஆசை அது. மாடி அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவது, கீழே குடும்பத்தோடு தான் இருப்பது, வருகிறவர்கள் முன்கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது. புது வருஷக் கூட்டம் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அதனால்தான் ஐப்பசி அடைமழையில், புத்தியுள்ளவன் எவனும் பெயிண்ட் டப்பாவைத் திறக்காத மாதத்தில், அந்தக் கூடத்துக்குக் கலர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கூடத்தை மதாம் 'சலோன்' என்பார். அழகான கூடம், அதில் சந்தேகமே இல்லை. ஆளுயரத்துக்கு மேலே எழும்பும் ஜன்னல்கள், அவற்றில் மூடித் திறக்கும் மரப்பட்டைகள், கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட சலவைக்கல் தரை. ஆனால் அந்தத் தரையின் கறுப்பை விட்டால் மற்றதெல்லாம் வெள்ளை. சுவர் வெள்ளை, திரை வெள்ளை, சோபா உறை வெள்ளை, மேலே தொங்கிய பீங்கான் விளக்கும் வெள்ளை. அட, தேக்கு உத்திரத்தில் எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா? அதிலும் அடித்திருந்தார்கள். பல வருஷத்துச் சுண்ணாம்பு, பட்டை பட்டையாக. மழைக்காலத்தில் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் ஈரச் சுண்ணாம்பு வாசனை நாக்கில் வந்து ஒட்டும். சாவியைக் கொடுக்கும்போது மதாம், "சலோனுக்குக் கலர் ஒத்துக்காதும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். வயசானவர்களின் ரசனை என்று கலைவாணி தலையை ஆட்டிவைத்தாள்.

நம் ஆட்கள் நிறத்தைச் சொல்லும் விதமே தனி. நிறத்தைச் சொல்ல மாட்டோம், பொருளைச் சொல்லுவோம். கிளிப்பச்சை என்போம், மயில் கழுத்து என்போம், கத்திரிப்பூ, வாடாமல்லி, வெங்காயத்தோல் என்போம். சேலைக்கடையில் போய் நின்றால் பாதித் தோட்டமும் பாதிச் சமையல்கட்டும் நம் வாயில் வந்துவிடும். பெயிண்ட் கம்பெனி அட்டையில் போட்டிருந்த இங்கிலீஷ் பெயர்களைப் பார்த்துக் கலைவாணிக்குத் தலை சுற்றியது. பெயிண்டர் இராமதாஸ் சிரித்தான். அரியாங்குப்பத்துக்காரன், வாய் ஓயாமல் பேசுகிறவன்.

"அந்த அட்டையத் தூக்கிப் போடுங்கக்கா. இன்னா கலர் வேணுமோ, அந்தப் பொருளச் செவுத்துல வச்சுக் காட்டுங்க. அப்படியே கலந்து குடுத்துட்றேன்."

அப்படித்தான் முந்தின நாள் ஜன்னல் சுவருக்கு எலுமிச்சம்பழத்தை வைத்துக் காட்டினாள். உள்வாசல் சுவருக்குத் தன் கூறைச்சேலையின் முந்தானையை விரித்துப் பிடித்தாள். மயில் கழுத்து, அரக்கு பார்டர். இராமதாஸ் டப்பாவில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் கலக்கி, பொருளுக்குப் பக்கத்திலேயே உள்ளங்கையகலம் பூசிக் காட்டினான். வழக்கமாக நாலு தடவை கூட்டிக் குறைத்தால்தான் அமையும். அன்றைக்கு முதல் தடவையே அமைந்தது. மழை ஈரத்தில் காயாமல் கிடக்க வேண்டிய பெயிண்ட், சுவரில் பட்டதும் தாகத்தில் இருந்தவன் தண்ணீர் குடித்த மாதிரி உள்ளே போய்க் காய்ந்தது.

"இந்தச் செவுருக்கு என்னமோ ராசி இருக்குக்கா. எனக்கே ஆச்சரியமா இருக்கு" என்றான் இராமதாஸ்.

பெரிய சுவர் மிச்சமிருந்தது. ஜன்னலுக்கு நேரெதிரே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற சுவர். அதற்கு என்ன நிறம் என்று கலைவாணிக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் மகள் பூவிழி பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தாள். ஒன்றாம் வகுப்பு. பையைக் கழற்றாமலே அந்தச் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள். மழை ஓய்ந்த வெளிச்சம் மரப்பட்டை இடுக்கு வழியாக வந்து பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. பிறந்த அன்றைக்கே தூக்கிப் பார்த்த சொந்தமெல்லாம் சொன்ன வார்த்தை, மாந்தளிர் நிறம். கொழுந்து மாவிலையில் செம்பு ஓடுமே, அந்த நிறம். பெற்றவளுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? கலைவாணி சிரித்துக்கொண்டே மகளின் கையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து வைத்தாள்.

"இதோ. எம் பொண்ணு நிறம். இதுல அடிச்சுக் குடு பார்ப்போம்."

"பாப்பா, ஆடாம நில்லு" என்றான் இராமதாஸ்.

அதுவும் முதல் தடவையே அமைந்தது. பூவிழி பெயிண்டையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்து, "அம்மா, இது சூடா இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஐயோ, அந்தச் சிரிப்பு.

எலுமிச்சம்பழத்தைக் குப்பையில் போட்ட அன்று பிற்பகல், சோபா மெத்தைகளுக்குத் துணி எடுக்கப் போகலாம் என்று கலைவாணி கிளம்பினாள். சேலையைக் கையோடு கொண்டுபோனால் கடைக்காரனிடம் அதே நிறத்தில் கேட்கலாம். பீரோவைத் திறந்தாள். மடிப்பு கலையாமல், ரசகற்பூர வாசனையோடு சேலை இருந்தது. அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பார்டரிலும் அரக்கு இல்லை. விரித்தாள், உதறினாள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கல்யாணத்தன்று மணவறையில் கட்டியிருந்த சேலை, அதற்கப்புறம் தண்ணீரே படாத சேலை, முழுக்க முழுக்கச் சாம்பல். கூடத்துக்குப் போய் உள்வாசல் சுவரைப் பார்த்தாள். உள்ளங்கையகலம் பூசிய மயில் கழுத்து இப்போது தட்டகலம் ஆகியிருந்தது. அதில் பச்சையும் நீலமும் மாறி மாறி மினுங்கின. பெயிண்ட் மினுங்குமா? பட்டல்லவா மினுங்கும்.

அப்புறம்தான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. பின்கட்டுக்கு ஓடினாள்.

பூவிழி பின்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கலைவாணி அவள் முகத்தைத் திருப்பினாள், கையைப் புரட்டினாள், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். "கூசுதும்மா" என்று பிள்ளை நெளிந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடப்போனவள் காதைப் பார்த்தாள். இரண்டு காதுகளின் மேல் விளிம்பும் வெள்ளையாக இருந்தது.

"சுண்ணாம்பு கிண்ணாம்பு பட்டுச்சாடி?"

"இல்லியே."

ஈரத்துணியால் துடைத்தாள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். வெள்ளை போகவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கலைவாணி இராமதாஸ் விட்டுப்போன வெள்ளை டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் கூடத்துக்குள் போனாள். பெரிய சுவரின் அந்த இடத்தை மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். கிட்டே போனதும் அவளுக்கு ஒரு வாசனை வந்தது. பெயிண்ட் வாசனையல்ல. சுண்ணாம்பு வாசனையுமல்ல. தேங்காய் எண்ணெயும் வேர்வையும் பவுடரும் கலந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் பிடரியில் மூக்கை வைத்தால் வருமே, அந்த வாசனை. சுவரிலிருந்து வந்தது. அவள் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

பிரஷைத் தூக்கியவளுக்குக் கை வரவில்லை. முதலில் மற்றதைப் பார்ப்போம் என்று நினைத்தாள். பிற்பாடு அந்த ஒரு நினைப்புக்காக அவள் எத்தனையோ தெய்வங்களைக் கும்பிட்டாள். திரும்பி உள்வாசல் சுவருக்குப் போய், மயில் கழுத்தின் மேல் வெள்ளையைப் பூசினாள். நன்றாகவே மூடியது. ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. படுக்கையறைக்குப் போய்ச் சேலையைத் தூக்கினாள். தூக்கினாள் என்பது சும்மா பேச்சுக்கு. கையோடு வந்தது ஒரு பிடி ஒட்டடை. மிச்சம் பீரோவுக்குள்ளேயே பொலபொலவென்று உதிர்ந்தது. ரசகற்பூர வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

கலைவாணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூடினால் அழியும். மூடாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். இதில் எதைச் செய்ய? பெற்ற வயிறு எதைத் தேர்ந்தெடுக்கும்?

இளஞ்செழியன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கெட்டவன் அல்ல. ஒட்டடையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மகளின் காதைப் பார்த்தான்.

"செல்லு அரிச்சிருக்குது கலை. பழைய பீரோல்ல? இதுக்குப் போயி..."

"பாப்பா காது?"

"ரத்தம் கம்மியா இருக்கும். நாளைக்கே டாக்டர்ட்ட காட்டிடலாம்."

டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். லேசான சோகை என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். மாதுளம்பழம், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை கொடுக்கச் சொன்னார். கலைவாணி எல்லாவற்றையும் கொடுத்தாள். பிள்ளையும் மறுக்காமல் தின்றது. தின்னத் தின்ன நகங்கள் வெளுத்தன. உதடு வெளுத்தது. சுவரிலோ அந்த நிறம் நாளுக்கு நாள் அகலமாகி, நன்றாகச் சாப்பிட்டு வளர்கிற பிள்ளையின் கன்னம் போலப் பளபளத்தது.

மதாம் செலினுக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"அல்லோ? ஆரு, கலைவாணியா? வீடு எப்படிம்மா இருக்கு?"

"மதாம், சலோன்ல... நான் கலர் பாக்கறதுக்குப் பொருள் வச்சுப் பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"நானு வேணாம்னு சொன்னேனேம்மா" என்றார் மதாம். குரல் இறங்கியிருந்தது. "என்ன வச்ச?"

"ஒரு எலுமிச்சம்பழம். என் சேலை."

"வுய், சரி. போனாப் போவட்டும். அந்தச் சேலை போச்சுன்னு விட்டுடு. நாங்கள்லாம் வெள்ளைத் துணி உடுத்திக்கிட்டுத்தான் அதுக்குள்ள போறது. சின்ன வயசுலருந்தே அப்படித்தான்." மதாம் நிறுத்தினார். "உசுருள்ளது எதையும் வச்சுப் பாக்கலியே, ம்?"

கலைவாணி திரும்பிக் கூடத்தின் பக்கம் பார்த்தாள்.

"கலைவாணி? கேக்குதா? உசுருள்ளது எதையும் வைக்கலதானே?"

அவள் அழ ஆரம்பித்தாள். மதாம் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு மெல்லச் சிலுவை மந்திரம் முணுமுணுக்கிற சத்தம் வந்தது. பிறகு இணைப்பு போனது. அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டாலும் அந்த நம்பர் எடுக்கப்படவில்லை.

ஓடிவிடுவது என்று முடிவு செய்தாள். பைத்தியக்காரப் பட்டம் கட்டினால் கட்டட்டும். மறுநாள் காலை இளஞ்செழியன் பட்டறைக்குப் போனதும், பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டு, ஆட்டோ பிடித்து, அரியாங்குப்பத்தில் இருந்த அக்கா மாலா வீட்டுக்குக் கிளம்பினாள். வீட்டு வாசலைத் தாண்டும்போது பூவிழி நன்றாகத்தான் இருந்தாள். முருங்கப்பாக்கம் தாண்டும்போது, "அம்மா, குளுருது" என்றாள். ஆற்றுப் பாலத்தில் ஆட்டோ ஏறியது. ஈரக்காற்றில் சேற்று வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடித்தன. கலைவாணி மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

நெற்றி வெள்ளை. இமை வெள்ளை. உதட்டுக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணின் கருமணி, பால் விட்ட காப்பி மாதிரிக் கலங்கி வெளிறிக்கொண்டு வந்தது.

"அம்மா, எங் கை எங்க இருக்கு?" என்றது பிள்ளை. கை அவள் கைக்குள்தான் இருந்தது.

"திருப்புங்கண்ணா! வண்டியத் திருப்புங்க!"

"பாலத்துல எப்படிம்மா..."

"திருப்புங்கன்னு சொல்றேன்!"

நெரிசலில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே வண்டி திரும்பியது. ஊருக்குள் வர வர நெற்றியில் கொஞ்சம் நிறம் வந்தது. வாசலில் இறங்கியபோது உதட்டுக்கு வந்தது. கூடத்துக்குள் தூக்கிக்கொண்டு ஓடி, அந்தச் சுவரோடு பிள்ளையின் கன்னத்தைச் சேர்த்து வைத்தாள். பூவிழி கண்ணைத் திறந்து, "இப்பச் சூடா இருக்கும்மா" என்றாள். கலைவாணி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அப்படி முட்டுவதுகூட மகளுக்கு வலிக்குமோ என்று உடனே நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கூடத்தை விட்டு நகரவில்லை. சோபாவை இழுத்துச் சுவரோரம் போட்டாள். பிள்ளையை அதில் படுக்க வைத்தாள். பள்ளிக்கூடம் இல்லை, சமையல் ஏனோதானோ. காலையில் எழுந்ததும் மகளின் நெற்றியைத் தொடுவாள், அப்புறம் சுவரைத் தொடுவாள். சுவர் ஈரமாக இருந்தால் துடைத்துவிடுவாள். பல்லி ஊர்ந்தால் விரட்டுவாள். மெத்தைத் துணிக்குக் கடை கடையாக ஏறப்போனவள், இப்போது ஒரு சுவருக்குக் கொசு கடிக்காமல் விசிறிக்கொண்டிருந்தாள். பிள்ளை தூக்கத்தில் சிரித்தால் சுவர் சிவந்தது. ஒரு நாள் சுவருக்குக் காய்ச்சல் அடித்தது. ஒரு நாள் அவள் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே, சுண்ணாம்புக்கும் செங்கல்லுக்கும் பின்னால், லப் டப், லப் டப் என்று கேட்டது. அது தன் காதின் துடிப்புதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பவில்லை.

நிறம் பெரிய சுவரில் பாதிக்குமேல் ஏறிவிட்டது.

தன்னை எடுத்துக்கொள் என்றும் கேட்டுப் பார்த்தாள். தன் கையைச் சுவரில் வைத்து, "இந்த நிறம் வேணும், இத எடுத்துக்க, அவள விட்டுடு" என்று கெஞ்சினாள். அவள் விரல் நுனிகள் வெளுத்தன. மகளுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

இளஞ்செழியன் மனைவியைப் பார்த்துக் கலங்கிப்போனான். குளிக்காமல், தலை வாராமல், பிள்ளையையும் படுக்கையில் போட்டுக்கொண்டு சுவரைத் தடவிக்கொண்டிருப்பவளைப் பார்த்து எந்தப் புருஷனுக்குத்தான் மனசு ஆறும்? அந்தச் சுவரை மட்டும் தொடாதீங்க என்று அவள் அவன் காலைப் பிடித்தாள். "தொடல, தொடல, நீ எந்திரி" என்று அவனும் அழுதான். டாக்டரிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு, அவளுக்கு ஒரு மாத்திரை வாங்கி வந்தான்.

"எத்தினி நாளாச்சு நீ தூங்கி? இதப் போட்டுக்க. நான் பாப்பாகூட இருக்கேன். சாமி சத்தியமா நகர மாட்டேன்."

"எம் பக்கத்துலயே படுக்கட்டும்."

"சரி, பின்னாடி ரூம்ல ரெண்டு பேரும் படுங்க. பக்கந்தானே."

அடுத்த அறைதான். ஒரு சுவர்தான் நடுவே. பூவிழி சோர்ந்துதான் இருந்தாள், ஆனாலும் இருந்தாள். கலைவாணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மகளைக் கைவளைவுக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள். எத்தனை நாளைய தூக்கமோ, ஆளையே அமுக்கிவிட்டது.

சத்தம் கேட்டுத்தான் விழித்தாள். மழைச் சத்தம் என்று முதலில் நினைத்தாள். மழையும் இருந்தது. பிற்பகலை இருட்டாக்கிக்கொண்டு ஓட்டிலும் முற்றத்திலும் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள்ளே இன்னொரு சத்தம், அளந்து வைத்தது போல, விட்டு விட்டு, அடுத்த அறையிலிருந்து வந்தது. சளக். பிறகு சர்ர்ர். சளக். சர்ர்ர்.

வாசனை வந்தது.

புதுப் பெயிண்ட்.

கை மரத்திருந்தது. தலை தூக்க முடியவில்லை. கைவளைவில் பிள்ளை இருந்தது. குனிந்து பார்த்தாள். முடி வெள்ளை. புருவம் வெள்ளை. சட்டையில் பூப்போட்ட நீலம் மட்டும் அப்படியே இருந்தது. கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. அம்மா என்றுதான் சொன்னது. சத்தம் வரவில்லை.

சர்ர்ர்.

கழுத்தோரத்திலிருந்து ஏதோ பொடி உதிர்ந்து தலையணையில் விழுந்தது.

கலைவாணி எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று தெரியாது. மகளை வாரி எடுத்தாள். கனமே இல்லை. பஞ்சுத் தலையணையைத் தூக்கியது மாதிரி இருந்தது. நடந்தாள். வேகமாக நடக்க முடியவில்லை. அடி வைக்கும்போதெல்லாம் உதிர்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

கூடத்து வாசல்.

ஏணி. தரையில் விரித்த பழைய பேப்பர். இளஞ்செழியன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் வெள்ளைத் துளியாக, தானே ரோலரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இராமதாஸ் அவன் பக்கத்தில் மூலைகளுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தான். பெரிய சுவர் முழுக்க வெள்ளை. ஈரமாக, பளிச்சென்று, ஒரு திட்டு இல்லாமல்.

"எழுந்துட்டியா?" என்றான் இளஞ்செழியன். அவன் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "இனிமே அது உன் கண்ணுல படாது கலை. எல்லாம் சரியாயிடும், பாரேன்."

எல்லாம் வெள்ளையில்லை. கீழே, ஒரு பிள்ளை சாய்ந்து நின்றால் கன்னம் படுகிற உயரத்தில், உள்ளங்கையகலத்துக்கு ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. மாந்தளிர் நிறம். அது துடித்துக்கொண்டிருந்தது. வேகமாக, ஓடிவந்து மூச்சு வாங்கும் பிள்ளையின் தொண்டைக்குழி போல.

"வேணாம்" என்றாள். மழையில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை.

ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். ஓடினால் கையிலிருப்பது உதிர்ந்துவிடும். கீழே இறக்கி வைத்தாலும் உதிர்ந்துவிடும். குனிந்து பார்க்கவும் தைரியமில்லை. பாரம் இருக்கிற மாதிரிக் கைகளை வளைத்துக்கொண்டு, வாசற்படியில் அசையாமல் நின்றாள். முழங்கைக்கு உள்பக்கம், ஒரே ஓர் இடத்தில் மட்டும், இன்னும் சூடு இருந்தது.

இராமதாஸ் பின்னால் தள்ளி நின்று சுவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான்.

"சார், கீழ ஒரு எடம் விட்டுப்போச்சு பாருங்க" என்றான்.

பிரஷை டப்பாவில் முக்கினான். விளிம்பில் ஒரு தட்டு தட்டினான். குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.